உணவு விடுதியில் இனாம்

திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர் எவரும், மலை ஏறுமுன்போ இறங்கிய பின்போ, ஓர் உணவு விடுதியில் அமராமல் ஊர் திரும்புவதில்லை. உண்டு முடித்ததும் சோம்பும் கற்கண்டும் பரப்பிய சிறு தட்டில் பில் வருகிறது. பணத்தைக் கொடுத்தபின் மீதிச் சில்லறையோடு அத்தட்டு மீண்டும் வந்து மேசைமேல் நிற்கிறது. பரிமாறியவரும் இரண்டடி தள்ளி நிற்கிறார். சாம்பார் வர அரைமணி நேரம் ஆயிற்று, கேட்ட பதார்த்தம் ஒன்று, வந்தது மற்றொன்று, தண்ணீருக்கு மும்முறை குரல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் தட்டிலுள்ள சில்லறையை எடுத்துக்கொள்வதா, விட்டுச் செல்வதா என்னும் கேள்வி நம்முள் பலருக்கு ஒரு கணமேனும் எழுந்திருக்கும். எடுத்தால் கருமி என்று நினைப்பாரோ என்ற கூச்சம். விட்டால் ஏமாளி ஆகிறோமோ என்ற ஐயம். சிறிய தொகைதான். ஆயினும் இதனுள் கூலி, கொடை, மரியாதை, சட்டம் ஆகிய நான்கும் பின்னிக் கிடக்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கு மொழி என்ற ஐந்தாவது சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்குச் சொல்லில் தொடங்காமல் இருக்க முடியாது. ‘இனாம்’ என்பது அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியே நம் அரசு ஏடுகளில் நுழைந்த சொல். அரசர்களும் பாளையக்காரர்களும் கோயிலுக்கும் ஊழியம் செய்வோருக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலத்தை அது குறித்தது. ஆந்திரப் பகுதியில் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இனாம் ஒழிப்புச் சட்டம் நிலமாக இருந்த இனாமுக்கு முடிவு கட்டியது. மேசைமேல் வைக்கும் இனாமை எச்சட்டமும் தொடவில்லை. ‘பக்ஷீஸ்’ என்பது ‘கொடு’ என்னும் பொருளுடைய பாரசீக வினையின் வழி வந்தது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதற்கு வழங்கும் பெயர்களின் நேர்ப் பொருள் ‘குடிப்பதற்கான பணம்’ என்பதாகும். ‘டிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சிலர் ‘விரைவை உறுதிசெய்ய’ என்னும் சொற்றொடரின் முதலெழுத்துகள் என்று கூறுவர். அது பின்னாளில் எவரோ கட்டிய கதை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘கொடு’ என்னும் பொருளில் அச்சொல் திருடர்களின் குழூஉக்குறியில் வழங்கியது என்று அகராதி அறிஞர் காட்டியுள்ளனர்.

இவற்றோடு மற்றொரு சொல்லையும் சேர்த்து எண்ண வேண்டும். ‘மாமூல்’ என்பதற்கு ‘வழக்கமானது’ என்பதே மூலப்பொருள். மனமுவந்து கொடுத்தது வழக்கமாகி, வழக்கம் உரிமையாகி, உரிமை வசூலாகும்போது அதே சொல் கையூட்டையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. இனாம் எந்த இடத்தில் மாமூலாகிறது என்பதைக் கண்டுகொண்டால் நம் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

இதை விளக்குவதற்குத் திருமலையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. அங்கே 1985ஆம் ஆண்டில் என். டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டு முதல் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரால் அமைந்த பெருங்கூடத்தில் அது நடைபெறுகிறது. தெலுங்குக் கவியான அந்த அம்மையார் திருமலையில் அன்னமிட்ட வரலாற்றை நினைவுகூர்ந்தே அப்பெயர் வைக்கப்பட்டது. அக்கூடத்தில் பரிமாறுவோருள் பலர் ஸ்ரீவாரி சேவை என்னும் தொண்டர் அமைப்பின் வழியே வந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வமைப்பில் ஊதியம் இல்லை. வங்கி அதிகாரியும் பள்ளி ஆசிரியையும் குடும்பத் தலைவியும் வாளியும் கரண்டியுமாக வரிசையில் வருவர். குழம்பு சற்றுத் தாமதித்தாலும் இலையில் சிறிது சிந்தினாலும் அங்கே எவரும் முகம் சுளிப்பதில்லை. இனாம் என்ற எண்ணம் எவர் மனத்திலும் தோன்றுவதுமில்லை. கொடுக்க விரும்புவோர் அன்னப்பிரசாத அறக்கட்டளைக்குக் கொடுக்கிறார்கள். அது உணவுக்குச் செல்கிறது. பரிமாறிய கைக்கு அன்று.

அதே திருமலையில், முடி காணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவின் கதை வேறு. அங்கும் கட்டணம் இல்லை; சவர அலகையும் தேவஸ்தானமே தருகிறது; பணம் கொடுக்க வேண்டாம் என்பதே விதி. ஆயினும் தலை மழித்துக்கொண்டவர் மடியிலிருந்து பத்தோ இருபதோ எடுப்பதும், எடுக்காதவரிடம் கேட்கப்படுவதும் நெடுங்காலமாக இருந்துவரும் புகார். முதலில் கொடுத்தவர் பக்தியின் மகிழ்ச்சியில் கொடுத்தார். பின்னால் வந்தவருக்கு அதுவே கட்டணமாயிற்று. அன்னக்கூடத்திற்கும் கல்யாணகட்டாவிற்கும் நடந்து செல்லும் தொலைவே உள்ளது. ஓரிடத்தில் கொடை உணவாகிறது; மற்றோரிடத்தில் கொடை மாமூலாகிறது. இரண்டிலும் பணிபுரிவோர் மனிதர்களே. முன்னதில் பணி செய்பவர் வேறிடத்தில் பிழைப்பு உடையவர். பின்னதில் பணிதான் பிழைப்பு. இந்த வேறுபாட்டை மறந்து நல்லவர், பேராசைக்காரர் என்று முத்திரை குத்துவது நியாயமாகாது.

மலையடிவாரத்து உணவு விடுதிகளில் பரிமாறுவோர் இரண்டாம் வகையினர். அவர்களுக்கும் பணிதான் பிழைப்பு. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகைக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். விடுதியில் பரிமாறுபவர் நம் விருந்தோம்புநர் அல்லர், இரவலரும் அல்லர். விலை கொடுத்து உண்ணும் நமக்கும், விலை வாங்கும் முதலாளிக்கும் இடையில் நிற்பவர். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படத்தில் நாகேஷ் அவ்வேடத்தை ஏற்று நடித்த பிறகு, அந்நிலையின் வேடிக்கையும் வேதனையும் தமிழர் அனைவருக்கும் தெரிந்ததாயிற்று.

சேவை சரியில்லை என்று நாம் சொல்லும்போது எதனைக் குறிக்கிறோம்? ஒரு நடுத்தர விடுதியின் உள்ளமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆர்டர் எடுப்பவர் ஒருவர். கொண்டுவந்து வைப்பவர் மற்றொருவர். தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு பையன். மேசை துடைப்பதற்கு ஒருவர். உள்ளே அடுப்படியில் மாஸ்டரும் அவர் கையாட்களும். வாயிலருகே கல்லாவில் முதலாளி அல்லது அவருடைய மைத்துனர். தோசை தாமதமானால் அது பெரும்பாலும் கல்லின் முன் நிற்கும் மாஸ்டரின் கணக்கு. புரட்டாசிச் சனிக்கிழமையிலும் வைகுண்ட ஏகாதசியிலும் பிரம்மோற்சவ நாள்களிலும் ஒருவரே எட்டு மேசைகளைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால் அது ஆள் போடாத முதலாளியின் கணக்கு. சாம்பார் ஆறிப்போயிருந்தால் அதற்குப் பொறுப்பு எங்கே என்று நமக்குத் தெரியவே வழியில்லை. ஆனால் இவ்வளவு குற்றங்களுக்கும் நம் கண்முன் நிற்பவர் ஒருவரே. அவர்மீது தண்டனை விதிப்பது எளிது. ஏனெனில் அவர் இரண்டடித் தொலைவில் நிற்கிறார். கல்லாவில் இருப்பவருக்கு முழு விலையும் கொடுத்துவிட்டுப் பரிமாறியவருக்கு மட்டும் இனாமை நிறுத்துகிற வழக்கத்தில், உண்மையான குற்றவாளி ஒரு காசும் இழப்பதில்லை.

இதற்கு மாறாக, பரிமாறுபவரின் சொந்தக் குற்றம் என்று சொல்லத்தக்கவையும் உண்டு. நல்லாடை உடுத்தி வந்த கூட்டத்தைச் சூழ்ந்து நின்று, மூலையில் தனியாக அமர்ந்த முதியவரைக் கவனியாதிருத்தல். கேட்டதற்கு விடை சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல். தண்ணீர்க் குவளைக்குள் விரலை விட்டு எடுத்துவருதல். கேளாத பதார்த்தத்தைப் பில்லில் ஏற்றுதல். மீதிச் சில்லறையைக் கொண்டுவராமலே காலம் கடத்துதல். இவற்றிற்கு அடுப்படியையோ கூட்டத்தையோ காரணம் காட்ட முடியாது. இத்தகைய இடத்தில் இனாம் கொடாமல் எழுந்து வருவதில் எள்ளளவும் தவறில்லை என்பதே என் கருத்து. சொல்லப்போனால், கொடுப்பதுதான் தவறு. மரியாதையின்றி நடந்தவருக்கும் வெட்கத்தால் பத்து ரூபாய் வைத்துவிட்டு வருபவர், அதே விடுதியில் ஓடியாடி உழைக்கும் மற்றொருவருடைய உழைப்புக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார்.

இவ்விடத்தில் ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் லின் என்னும் பேராசிரியர் இனாம் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சேவையின் தரத்திற்கும் கொடுக்கப்படும் தொகைக்கும் இடையில் மிகச் சிறிய தொடர்பே இருக்கிறது என்பது அவருடைய ஆய்வுகள் காட்டிய முடிவு. மக்கள் வழக்கத்திற்காகவும், பிறர் என்ன நினைப்பார்களோ என்பதற்காகவும், பில்லின் தொகையைப் பார்த்துமே பெரும்பாலும் கொடுக்கிறார்கள். ஆகவே இனாமை நிறுத்திச் சேவையைத் திருத்திவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு வலுவான ஆதாரமில்லை. பரிமாறியவர், ‘இவர் கஞ்சர்’ என்று எண்ணிக்கொள்வாரே தவிர, ‘நான் தண்ணீர் தரத் தாமதித்தேன்’ என்று எண்ணிக்கொள்ள மாட்டார். நாம் சொல்லாத காரணத்தை அவர் எப்படி அறிவார்?

இனி மொழிக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. படாஸ்கர் அளித்த எல்லைத் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை மாறியும், நகரி, புத்தூர், குப்பம் முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே நாவில் குடியிருக்கின்றன. அதனால் நமக்கு ஓர் அசட்டுத் துணிவு பிறந்துவிடுகிறது: இங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்று. தெரியும், ஆனால் சொற்கள் நம்மைக் கைவிடும் இடங்கள் உண்டு.

சித்தூரில் ஓர் உணவு விடுதியில் பக்கத்து மேசையில் கண்ட காட்சி இது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பச்சடி கேட்டார். பையன் காரசாரமான கோங்குராத் துவையலைக் கொண்டுவந்து இலையில் வைத்தான். “தம்பி, நான் பச்சடி அல்லவா கேட்டேன்?” என்றார் பெரியவர். “இதுதான் சார் பச்சடி” என்றான் அவன். மூன்று முறை இதே கேள்வி, இதே விடை. பெரியவர் தம்மைக் கேலி செய்கிறான் என்று சினந்தார். பையன், கேட்டதைக் கொண்டுவந்தும் வசை கிடைக்கிறதே என்று விழித்தான். உண்மையில் இருவரும் சரியே. தெலுங்கில் பச்சடி என்பது துவையல். தயிரில் காய் கலந்த நம் பச்சடி அன்று. இதுபோலவே ‘சாறு’ என்றால் அவர்களுக்கு ரசம். ‘பப்பு’ என்றால் பருப்பு. ‘பெருகு’ என்றால் தயிர். ‘கூர’ என்றால் காய்கறிப் பதார்த்தம். பெரியவர் இனாம் வைக்காமலே எழுந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அகராதியின் குற்றத்திற்குப் பையன் அபராதம் கட்டினான்.

விளிச்சொற்களில் இதைவிடக் கூர்மையான முள் ஒன்று இருக்கிறது. தெலுங்கை நண்பர்களிடமிருந்து காதால் கற்றவர்கள் ‘இக்கட ரா’ என்று பரிமாறுபவரை அழைப்பதுண்டு. ‘ரா’ என்பது ‘வா’. ‘ரண்டி’ என்பது ‘வாருங்கள்’. நம்மைவிட வயதில் மூத்த ஒருவரை, முன்பின் அறியாதவரை, ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டு, ‘இவர் முகம் ஏன் கடுத்துப் போயிற்று? இவ்வூரில் சேவையே சரியில்லை’ என்று நாம் குறைப்பட்டால் அக்குறை எங்கே தொடங்கியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெயருக்குப் பின் ‘காரு’ சேர்ப்பதும், பெயர் தெரியாதவரை ‘அண்ணா’ என்று அழைப்பதும் அங்கே செலவில்லாத மரியாதை. இப்பொழுது தென்னாட்டு விடுதிகள் பலவற்றில் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இளைஞர்களே பரிமாறுகிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் அரைகுறை. பம்பாயிலும் தில்லியிலும் வேற்று மொழியில் தட்டுத்தடுமாறிப் பிழைப்புத் தொடங்கிய தமிழர்களுக்கு அந்த நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? இனாம் யாருடைய பணம் என்னும் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறது. ஜெய்ப்பூரிலுள்ள ராம்பாக் அரண்மனை விடுதி தொடர்பான 1976ஆம் ஆண்டு வழக்கில், வாடிக்கையாளர் தரும் இனாமை முதலாளி தரும் ஊதியமாகக் கருதலாகாது என்னும் கருத்து நிலைபெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2016ஆம் ஆண்டில், வருமான வரித்துறை ஒரு கேள்வியை எழுப்பிய வழக்கில் தீர்ப்பு வந்தது. கடன் அட்டை வழியே வாடிக்கையாளர் செலுத்தும் இனாமை விடுதி நிறுவனம் பெற்று ஊழியருக்குப் பகிர்ந்தளிக்கிறதே, அது சம்பளம் அன்றோ, அதில் நிறுவனம் வரி பிடித்தம் செய்ய வேண்டாவோ என்பதே கேள்வி. அன்று என்றது நீதிமன்றம். அப்பணம் வாடிக்கையாளர் ஊழியருக்குத் தந்தது, நிறுவனம் அதை நம்பிக்கைப் பொருளாகக் கையில் வைத்திருந்து உரியவரிடம் சேர்க்கிறது, அவ்வளவே. ஊழியர் கையில் அது வேறு வகை வருமானமாகக் கணக்கிடப்படலாமே அன்றிச் சம்பளமாகாது.

இந்தத் தீர்ப்புகள் வரி வல்லுநர்க்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். இவற்றிலிருந்து நமக்குக் கிடைப்பது இரண்டு. இனாம் ஊதியமன்று, ஆகையால் அதைக் கொடாதவர் எவருடைய கூலியையும் பறித்தவர் ஆகார். குறைந்தபட்ச ஊதியம் பற்றி 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமாயினும், அதன் இடத்திற்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமாயினும், இனாமைக் காட்டி ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள முதலாளிக்கு இடம் தரவில்லை. அமெரிக்க நாட்டின் நிலை வேறு. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 7 டாலர் 25 சென்ட் குறைந்தபட்ச ஊதியம். ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேராகத் தரவேண்டியது 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. 1991ஆம் ஆண்டு முதல் அத்தொகை மாறவில்லை. மீதியை இனாம் நிரப்ப வேண்டும்; நிரப்பாவிடில் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். அங்குச் சென்று வந்த நம் உறவினர், மோசமான சேவைக்கும் இனாம் வைத்தே தீரவேண்டும் என்று உபதேசிப்பதன் காரணம் இதுதான். அவ்வுபதேசம் அந்நாட்டுக்குப் பொருந்தும். அதை அப்படியே அலிபிரி அடிவாரத்துக்குக் கொண்டுவருவது பொருந்தாது. ஜப்பானிலோ இனாம் வைத்தால், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். பிரான்சில் பட்டியலில் உள்ள விலையிலேயே சேவையும் அடங்கிவிடுகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இனாமாக வந்த தொகையில் முதலாளி ஒரு காசும் பிடித்துக்கொள்ளாமல் ஊழியருக்கே சேர்க்க வேண்டும்.

இனி, தட்டில் வைக்கும் இனாமைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அது பில்லிலேயே அச்சாகி வரும் சேவைக் கட்டணம். சேவைக் கட்டணம் வேறு, வரி வேறு. முன்னாளில் சேவை வரி என்று ஒன்று இருந்தமையால் இவ்விரண்டும் மக்கள் மனத்தில் குழம்பிவிட்டன. பெயர் ஒற்றுமை விடுதிக்காரருக்குப் பெரும் உதவி செய்தது. சரக்கு சேவை வரி அரசுக்குரியது. பெரும்பாலான உணவகங்களில் அது 5 விழுக்காடு. அதை மறுக்க முடியாது. சேவைக் கட்டணமோ விடுதி தானே விதித்துக்கொள்வது. அது வாடிக்கையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே என்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2017ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. பின்னர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எந்த விடுதியும் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கலாகாது. வேறு பெயரிட்டும் வாங்கலாகாது. அதைக் கொடாதவருக்கு இடமில்லை என்று சொல்லலாகாது. உணவு விலையோடு அதைக் கூட்டி, கூட்டிய தொகைமீது வரி போடலாகாது. இவை அந்நெறிகளின் சாரம். உணவக உரிமையாளர் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின. அதே மாதத்தில் இடைக்காலத் தடையும் பெற்றன. 2025 மார்ச் 28 அன்று அந்நீதிமன்றம் அம்மனுக்களைத் தள்ளி, நெறிகளை உறுதிசெய்து, மனுவொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடும் செய்யப்பட்டது.

சேவைக் கட்டணம் பில்லில் ஏறிவிட்டால், மோசமான சேவைக்கும் பத்தில் ஒரு பங்கு விலை கட்டியவர்களாகிறோம். நல்ல சேவைக்கும் அதே பங்கு. அதில் எவ்வளவு பரிமாறியவரைச் சேர்கிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஆகையால் என் கணிப்பில், ஒரு நுகர்வோர் உறுதியாக மறுக்க வேண்டியது தட்டிலுள்ள இருபது ரூபாயை அன்று. பில்லில் கேளாமல் ஏறிய அந்த வரியையே. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குளிரூட்டிய கூடத்தில் முந்நூறு ரூபாய் சேவைக் கட்டணத்தைப் பேசாமல் கட்டிவிட்டு, எளிய மெஸ்ஸில் பையன் தண்ணீர் தரத் தாமதித்தான் என்று பத்து ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? குறை நேர்ந்தபோதே, உண்டு முடிக்குமுன், பரிமாறுபவரிடம் தணிந்த குரலில் சொல்லிவிடுவது முதல் வேலை. திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. பலர் அதற்குப் பின் இருமடங்கு கவனத்தோடு நடந்துகொள்வதை நாம் காணலாம். அடுப்படியின் தாமதமோ ஆள் பற்றாக்குறையோ காரணமென்று தெரிந்தால், வழக்கமாகக் கொடுப்பதைப் பரிமாறியவருக்குக் கொடுத்துவிட்டு, குறையைக் கல்லாவில் சொல்ல வேண்டும். அக்குறை தீர்க்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. பரிமாறியவரே மரியாதை தவறியிருந்தால், இனாமை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். இரண்டு ரூபாய் நாணயத்தை மட்டும் வைத்துவிட்டுப் போவது சிலருடைய வழக்கம். கொடாமல் இருப்பதைவிட அது கடுமையான அவமதிப்பு, அதைச் செய்யலாகாது. மேசை துடைப்பவரையும் மறக்க வேண்டாம். நாம் எழுந்த பின் வருபவர் அவர். தட்டிலுள்ளதில் அவர் பங்கு பெரும்பாலும் அவர் கைக்கு வருவதில்லை.

கைப்பேசி வழிப் பணம் செலுத்தும் முறை வந்தபின் புதிய சிக்கல் ஒன்று தோன்றியிருக்கிறது. சதுரக் குறியை ஒளிப்படம் பிடித்துப் பணம் செலுத்துகிறோம். அது கல்லாவின் கணக்கில் சேர்கிறது. பில்லுக்குமேல் இருபது ரூபாய் கூட்டிச் செலுத்தினால் அதுவும் அங்கேதான் போகும். 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்ன நம்பிக்கைப் பொருள் என்னும் நியாயம் சிறு விடுதியின் கல்லாவில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பரிமாறியவருக்கென்று கொடுக்க விரும்பினால் சில சிறு நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்திருப்பதே இன்றைக்கும் நேர்வழி.

கேளாமல் சேர்த்த சேவைக் கட்டணத்தை நீக்க மறுத்தாலோ, உண்ணாத பதார்த்தத்திற்கு விலை வாங்கினாலோ, பில்லைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு முறையீடு எழுதலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடுக்கலாம். விடுதி திருப்பதியில் இருக்கிறது, நாம் இருப்பது நாகபுரியிலோ புனேயிலோ ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊருக்கோ, பூசல் நேர்ந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையீட்டாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் ஆணையத்திலேயே வழக்கிட வழிசெய்துள்ளது. பெற்ற சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை வழக்குக் கட்டணமும் இல்லை. அவ்வளவு தூரம் செல்ல மனமில்லாதவர்கள், மேசையில் அமர்ந்தபடியே 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அங்கே பதினேழு மொழிகளில் பேசலாம். தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும்.